அயல்மண்ணில் ஒரு நனிசைவ அடுக்களை

கல்விக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துகள் முடிந்து, கோப்பைக் கட்டி வைக்கும் வேளையில்தான் பெற்றோரிடமிருந்து அந்தக் கேள்வி வரும். வட்டி விகிதம், தவணை தொடங்கும் மாதம், பிணையம் ஆகிய எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, சற்றே தாழ்ந்த குரலில், "அங்கே சாப்பாட்டுக்கு என்ன சார் செய்வான்?" என்பார்கள். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் உடன் வருகிறது. "எங்கள் பெண் பால், தயிரைக்கூட விட்டுவிட்டாள். அந்தக் குளிரில் எப்படித்தான் இருக்கப் போகிறாளோ?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் பிராங்க்ஃபர்ட் நகரில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் சிறிய அடுக்களை நினைவுக்கு வரும். பணி மாற்றத்தின் பேரில் குடும்பத்துடன் ஜெர்மனி சென்று மூன்றாண்டுகள் அங்கு வாழ்ந்தோம். சென்ற சில மாதங்களிலேயே, பதினைந்து வயதான எங்கள் மகள் பாலும் பால் பொருள்களும் இனி வேண்டாம் என்று முடிவு செய்தாள். பால் தரும் பசுவின் கன்று என்ன ஆகிறது என்று அவள் கேட்டதற்கு எங்களால் நிறைவான விடை கூற இயலவில்லை. அவளுடைய முடிவை மதிப்பது என்றும், வீட்டில் சமைப்பதை எல்லாரும் சேர்ந்து உண்பது என்றும் தீர்மானித்தோம். அந்த நாள்களில் கற்றவற்றையும், ஓரிடத்தில் தவறியதையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று கருதுகிறோம்.

சைவமும் நனிசைவமும்

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றுடன் பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் உணவுமுறையைத் தமிழில் நனிசைவம் என்கிறோம். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் 1944 நவம்பரில் 'வீகன்' என்ற சொல்லை உருவாக்கி, அதே பெயரில் ஒரு சங்கத்தையும் தொடங்கினர். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2022ஆம் ஆண்டு நனிசைவ உணவுகளுக்கெனத் தனி விதிமுறைகளையும் தனி முத்திரையையும் கொண்டுவந்துள்ளது.

வெளிநாடு செல்வோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. நாம் சைவம் என்று சொல்லும் பொருளில் ஐரோப்பாவில் 'வெஜிட்டேரியன்' என்ற சொல் வழங்குவதில்லை. அங்கே அச்சொல் முட்டையையும் உள்ளடக்கும். பாலாடைக்கட்டியைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் பல வகைகளில் சேர்க்கப்படுகிறது. புகழ்பெற்ற பார்மசான் பாலாடைக்கட்டி எப்போதும் அவ்வாறுதான் தயாராகிறது. ஆகவே, பால் அருந்தும் நம்மூர்ச் சைவருக்குக்கூட அங்கே 'வீகன்' என்று எழுதியிருக்கும் பண்டமே ஐயத்துக்கு இடமில்லாதது.

நம் சமையலில் எவ்வளவு மீதம்?

மகள் முடிவை அறிவித்த அன்று இரவு, ஒரு வாரத்தில் நாங்கள் சமைப்பவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தோம். இட்லி, தோசை, அடை, உப்புமா, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, பொரியல், கூட்டு, துவையல், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சுண்டல் ஆகிய எதிலும் பால் சார்ந்த பொருள் இன்றியமையாதது அன்று. தாளிக்கும் நெய்யை நல்லெண்ணெயாகவோ தேங்காய் எண்ணெயாகவோ மாற்றினால் போதும். எஞ்சியவை தயிர்ச் சாதம், மோர்க்குழம்பு, பாயாசம், காலைக் காபி ஆகியவையே. அவியலில் தயிருக்கு மாற்றாகப் புளிப்பு மாங்காயைச் சேர்க்கும் வழக்கம் முன்பே உண்டு. பருப்புப் பாயாசத்துக்குத் தேங்காய்ப்பாலே போதும்.

எதிர்பாராத இடங்களிலும் பால் ஒளிந்திருந்தது. மோர் மிளகாய் பெயரிலேயே தன்னைக் காட்டிக்கொள்கிறது. சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தவை என்பது, மகள் கேட்ட பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது. வற்றல் குழம்புக்கு அதன்பின் கத்தரி வற்றலையும் கொத்தவரை வற்றலையும் பயன்படுத்தினோம்.

மாவு புளிக்க வைப்பதே குளிர்நாட்டின் பெரிய சோதனை. இரவில் வீட்டின் வெப்பமூட்டியைக் குறைத்துவிடுவதால், கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கிடக்கும். மின் அடுப்பின் பேக்கிங் அறையைச் சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஜெர்மானியர்கள் கம்பு போன்ற நிறமுடைய ரை என்னும் தானிய மாவைப் புளிக்க வைத்தே தங்கள் கருநிற ரொட்டியைச் சுடுகிறார்கள். மாவு, நீர், உப்பு, புளித்த மாவு ஆகியவை தவிர வேறெதுவும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. புளித்த மாவின் மணம் அடித்த முதல் நாளே அந்த ரொட்டிக் கடை எங்களுக்கு நெருக்கமாகிவிட்டது.

அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, பெருங்காயம் ஆகியவை இந்தியக் கடைகளில் கிடைத்தன. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, எள் விழுது, கொத்தமல்லி, கத்தரிக்காய், வெண்டைக்காய் ஆகியவற்றைத் துருக்கியர் நடத்தும் கடைகளில் மலிவாக வாங்கலாம். கிழக்காசியக் கடைகளில் சோயாவிலிருந்து செய்த டோஃபு பல வகைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத்தாழ எல்லாக் கடைகளும் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை மாலைக்குள் வார இருப்பைச் சேர்த்துவிட வேண்டும்.

பொட்டலத்தின் பின்புறம்

வங்கிப் பத்திரங்களில் சிறிய எழுத்தில் உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாங்கள் அடிக்கடி கூறுவதுண்டு. அந்த அறிவுரையை நாங்களே பின்பற்ற வேண்டிய இடமாக அந்நாட்டுப் பேரங்காடி அமைந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 14 வகைப் பொருள்களை, உட்பொருள் பட்டியலில் தனித்துத் தெரியுமாறு அச்சிட வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பாலும் முட்டையும் அந்த 14இல் அடங்கும். ஆகவே மொழி அறியாதவரும் சில சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும். 'மில்ஷ்' என்றால் பால். 'ஸானெ' என்றால் பாலேடு. 'மோல்கெ' என்றால் பால் திரிந்து பிரியும் தெளிநீர். முட்டைக்கு அம்மொழியில் 'ஐ' என்று பெயர். நம் ஒன்பதாம் உயிரெழுத்தைக் கண்டதும் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடலாம் என்று மகள் வேடிக்கையாகச் சொல்வாள்.

தடித்த எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது. தேனும் ஜெலட்டினும் அந்த 14இல் இல்லை. ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கப்படுவது. மிட்டாய்களுக்குச் சிவப்பு நிறம் தரும் ஈ 120 ஒருவகைப் பூச்சியிலிருந்து கிடைக்கிறது. மிளகாய்த் தூள் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலில் பால் பொடி கலந்திருப்பதைக் கண்டு ஒருமுறை வியந்தோம். 'லாக்டோஸ் நீக்கியது' என்ற சொல்லும் பலரைத் தடுமாற வைக்கும். அது பாலேதான், அதிலுள்ள ஒருவகைச் சர்க்கரை மட்டும் பிரிக்கப்பட்டிருக்கும். 'பால் கலந்திருக்க வாய்ப்புண்டு' என்ற எச்சரிக்கையோ, ஒரே ஆலையில் பல பொருள்கள் தயாராவதால் ஒவ்வாமை உடையோருக்காக எழுதப்படுவது.

இத்தனையையும் படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு, மஞ்சள் வட்டத்துக்குள் இலையுடன் 'வி' எழுத்துக் கொண்ட முத்திரை உதவும். அதன் கீழ் 'வீகன்' என்றிருக்கிறதா, 'வெஜிட்டேரியன்' என்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்ஸ், சோயா, பாதாம் ஆகியவற்றின் பால்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஆயினும் அட்டைப் பெட்டியில் 'பால்' என்ற சொல் இராது. 'ஓட்ஸ் பானம்' என்றே இருக்கும். விலங்கின் மடியிலிருந்து வருவதையே வணிகத்தில் பால் என்று பெயரிட்டு விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. நெடுங்கால வழக்கத்தை ஒட்டித் தேங்காய்ப்பால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வரியிலும் வேறுபாடு இருந்தது. பசும்பாலுக்கு 7 விழுக்காடு, ஓட்ஸ் பானத்துக்கு 19 விழுக்காடு. அப்படியிருந்தும் மலிவு விலை அங்காடிகளின் சொந்தத் தயாரிப்பு ஓட்ஸ் பானம் லிட்டர் ஏறக்குறைய ஒரு யூரோவுக்குக் கிடைத்தது. நனிசைவம் செலவு மிக்கது என்ற எண்ணம், தாவரப் பொருள்களால் செய்த போலி இறைச்சியையும் போலிப் பாலாடைக்கட்டியையும் வாங்குவோருக்கே பொருந்தும். பருப்பும் அரிசியும் காய்களும் வாங்கிச் சமைத்த எங்கள் மாதக் கணக்கு, பால் பொருள்களை நிறுத்திய பின் சற்றே குறைந்தது.

பிறர் வீட்டு மேசை

வெளியே உண்பது அஞ்சியதைவிட எளிதாகவே இருந்தது. துருக்கியர் கடைகளில் கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கும் ஃபலாஃபெல், நம் மசால் வடைக்கு நெருங்கிய உறவு. தயிர்க் குழம்பை ஊற்ற வேண்டாம், எள் விழுது போதும் என்று சொன்னால் போதும். மாணவர்களுக்கும் வசதி பெருகிவருகிறது. பெர்லின் பல்கலைக்கழக உணவகங்கள் 2021 அக்டோபர் முதல் தங்கள் பட்டியலின் பெரும்பகுதியைத் தாவர உணவுகளாக மாற்றிக்கொண்டன. ஆனால் பாரம்பரிய உணவகங்களில் கவனம் தேவை. பயறுக் கஞ்சியில் பன்றி இறைச்சித் துண்டும், சிவப்பு முட்டைக்கோஸில் வாத்துக் கொழுப்பும் கேட்காமலே வந்து சேரும்.

அண்டை வீட்டாரின் அன்புதான் கடினமானது. எங்கள் கீழ்வீட்டில் வசித்த மூதாட்டி, குடிவந்த முதல் வாரமே தம் கையால் சுட்ட கேக்குடன் படியேறி வந்தார். வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த அதை மகளால் உண்ண இயலவில்லை. அவருடைய முகம் வாடியதைக் கண்டோம். மறுவாரம் தேங்காய்ச் சட்னியுடன் அடை கொண்டுபோய்க் கொடுத்து, மகளே தன் உணவுமுறையை விளக்கினாள். அதன் பிறகு அவர் கேக் சுடும் நாள்களில் வெண்ணெய்க்கு மாற்றாக எண்ணெயும், முட்டைக்கு மாற்றாக மசித்த ஆப்பிளும் சேர்த்துத் தனியே ஒரு சிறு துண்டு வந்துவிடும். விருந்துக்கு அழைப்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவதும், நம் பங்காக ஒரு பண்டத்தை எடுத்துச் செல்வதும் இருதரப்புக்கும் நன்மை.

பாட்டியின் தயிர்

இரண்டாம் ஆண்டு அக்டோபரில் எங்கள் அம்மா மூன்று மாதங்கள் தங்குவதற்காக வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவரத் தடை உண்டு. புதிய காய்கள், பழங்கள், இலைகளுக்கு 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம் உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. தொலைபேசியில் இதை விளக்கியபோது, "நெய்யும் கூடாது, கறிவேப்பிலையும் கூடாது என்றால் நான் மட்டும் எதற்கு வர வேண்டும்?" என்றார் அம்மா. கடைசியில் ராகி மாவு, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, அப்பளம் ஆகியவற்றுடன் வந்து இறங்கினார். சுங்க விதியே அவருடைய பெட்டியை நனிசைவம் ஆக்கிவிட்டது.

தயிர் இல்லாமல் உணவை முடித்து எழுவது அவருக்குப் புரியாத செயல். பேத்தி ரசத்தோடு எழுந்துவிடுவதை நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள், "அந்தச் சோயாப் பாலைக் கொண்டா, பார்க்கிறேன்" என்றார். உறைமோர் இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பைப் போட்டுப் பாலைத் தோய்ப்பது அவர் சிறுவயதில் கண்ட முறை. சோயாவும் நீரும் தவிர வேறொன்றும் சேராத பாலை வாங்கி, காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு, மாவு புளிக்கும் அதே விளக்கொளியில் இரவு முழுதும் வைத்தார். முதல் முறை நீர்த்து, சற்றே வாடையுடன் தோய்ந்தது. அதை உண்ணாமல், ஒரு கரண்டி எடுத்து மறுநாள் புதிய பாலில் உறை ஊற்றினார். இரண்டாம் தயிர் கட்டியாக நின்றது. கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளித்துக் கொட்டியபோது, பேத்தி ஓராண்டுக்குப் பின் தயிர்ச் சாதம் உண்டாள். அம்மா தமக்குப் பசுந்தயிரையே வைத்துக்கொண்டார். இரண்டு கிண்ணங்களும் ஒரே மேசையில் அருகருகே இருந்தன.

கணக்கில் விடுபட்டது

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் தவறும் வெளிப்பட்டது. மகள் மாடிப்படி ஏறவே களைத்தாள். பாடத்தில் கவனம் நிற்கவில்லை என்றாள். கால் விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருப்பதாகச் சொன்னபோது, குளிரால் என்று எண்ணித் தடித்த காலுறை வாங்கிக் கொடுத்தோம். மூன்று வாரங்கள் வீணாயின. மருத்துவரின் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது.

இந்த ஒரு சத்தைத் தாவர உணவு நம்பத்தக்க அளவில் தருவதில்லை. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இச்சத்து விலங்கு உணவுகள் வழியாகவே பெரும்பாலோரை அடைகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 மைக்ரோகிராம் தேவை என்கிறது ஜெர்மானிய ஊட்டச்சத்துச் சங்கம். மிகச் சிறிய அளவுதான். ஆனால் இல்லாமல் போனால் இரத்தமும் நரம்பும் பாதிக்கப்படும். நெடுநாள் கவனியாமல் விட்டால் நரம்பின் சேதம் நிலைத்துவிடவும் கூடும். கல்லீரல் இதைச் சேமித்து வைத்திருப்பதால், குறைபாடு வெளித்தெரியப் பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும். பிறந்தது முதல் சைவ உணவில் வளர்ந்தவர்களின் சேமிப்போ தொடக்கத்திலேயே குறைவாக இருக்கக்கூடும். வரவே இல்லாமல் பழைய இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை வங்கியில் பணிபுரியும் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். பொட்டலங்களின் பின்புறத்தை அத்தனை கவனமாகப் படித்த நாங்கள், உணவில் இல்லாமல் போனதைப் பற்றி எண்ணவில்லை.

"அதனால்தான் பால் குடி என்றேன்" என்று அம்மா வருந்தினார். மருத்துவர் உணவுமுறையை மாற்றச் சொல்லவில்லை. பி12 மருந்தைத் தொடங்கி, அதைத் தவறாமல் தொடர வேண்டும் என்றார். சில வாரங்களில் களைப்பு நீங்கியது. விரல்களின் குத்தல் மெல்ல மெல்ல மறைந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று அவர் கூறியதால், ஊர் திரும்பியதும் அம்மாவும் பரிசோதனை செய்துகொண்டார். நாள்தோறும் பாலும் தயிரும் உண்ட அவருக்கும் பி12 குறைவாகவே இருந்தது. முதுமையில் இச்சத்தை உடல் ஈர்ப்பது குறைகிறது. நீரிழிவுக்காக அவர் பல்லாண்டுகளாக உட்கொண்ட மெட்ஃபார்மின் மாத்திரையும் அதைக் குறைக்கக்கூடியது. குறை பாலை விட்டவருக்கு மட்டும் உரியதன்று என்று அன்று அறிந்தோம்.

மற்றச் சத்துகளையும் அதன்பின் கவனித்தோம். ராகி 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அம்மா கொண்டுவந்த மாவு களியாகவும் தோசையாகவும் ஆயிற்று. ஓட்ஸ் பானம் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கினோம். இயற்கை வேளாண் முத்திரை பெற்ற பானங்களில் பொதுவாக அது சேர்க்கப்படுவதில்லை. பருப்பிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சை துணை செய்யும். உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும். பிராங்க்ஃபர்ட் போன்ற வடபுல நகரங்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலால் உடலில் வைட்டமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. எந்த உணவுமுறையைப் பின்பற்றுவோரும் அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அயோடின் சேர்த்த உப்பையே வாங்க வேண்டும். நம் நாட்டில்போல் அங்கே அது கட்டாயமன்று.

புறப்படுவோர் கவனத்துக்கு

ஜெர்மனி செல்லும் மாணவர்கள் விசாவுக்காகத் தனிக்கணக்கு ஒன்றில் முன்கூட்டியே செலுத்த வேண்டிய தொகை, 2024 செப்டம்பர் நிலவரப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோ எடுக்கலாம். வாடகை, காப்பீடு, உணவு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். சமைக்கத் தெரிந்த மாணவருக்கு அது நெருக்கடி தராது. எனவே கடன் மேசைக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் இப்போது மூன்று செய்திகளைச் சொல்கிறோம். புறப்படும் முன் சாம்பார், ரசம், ஒரு பொரியல், தோசை ஆகியவற்றைப் பிள்ளைகள் தாமே சமைக்கப் பழக வேண்டும். பி12, வைட்டமின் டி, இரும்புச் சத்து ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்து, மருத்துவரின் அறிவுரையை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பால், தயிரை விட்டுவிட்ட பிள்ளையிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டு, அவள் எதை உண்கிறாள் என்று வாரம் ஒருமுறை விரிவாகக் கேட்க வேண்டும்.

எங்கள் மகள் இப்போது வேறோர் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறுதோறும் பாட்டியும் பேத்தியும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். "மாத்திரை போட்டுக்கொண்டாயா?" என்று இங்கிருந்து பாட்டி கேட்பார். "நீங்கள் போட்டீர்களா பாட்டி?" என்று அங்கிருந்து கேள்வி திரும்பி வரும். சில ஞாயிறுகளில் அம்மா உடனே விடை சொல்வதில்லை. எழுந்துபோய் மாத்திரை டப்பாவைத் திறக்கும் ஓசைதான் கேட்கும்.